தேயிலைப் பெட்டியும் பத்திரப் பெட்டியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய உரை)

நிகழ்ச்சி நிரலில் எங்கள் பெயர்களுக்கு எதிரே "பழைய பலகையில் ஒரு பெட்டி" என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆண்டு விழா மேடையிலே திருமுறையின் பெருமையைப் பேசலாம், திருவிழாவின் தத்துவத்தைப் பேசலாம், பெட்டி செய்வதற்கும் ஒரு பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணுவதில் பிழையில்லை. ஆனால் மேடையின் வலப்புறத்திலே துணி போர்த்தி வைத்திருக்கும் அந்தப் பெட்டியைச் செய்து முடிக்க எங்கள் ஆறு பேருக்கும் ஐந்து மாதம் சென்றது. வார இறுதிகளில் மட்டும் செய்த வேலை. அது என்ன பலகை, எதற்காக அப்படிச் செய்தோம், அதற்குள் என்ன வைக்கப்போகிறோம் என்பதைச் சபையிலே சொல்லிவிட வேண்டியது எங்கள் கடமை. ஏனெனில் அதற்குள் வைக்கப்போவது உங்கள் வீட்டுப் பொருள்.

புறப்பலகைகள் முழுவதும் பலா. இடித்து அகற்றப்பட்ட ஒரு பழைய லயத்தின் கதவுகள் அவை. விறகுக்கென்று அடுக்கி வைத்திருந்ததைக் கேட்டு வாங்கினோம். உள்ளே இன்னொரு சிறு பெட்டி இருக்கிறது. அது இரண்டு பழைய தேயிலைப் பெட்டிகளின் ஒட்டுப்பலகையால் ஆனது. இந்தத் தேயிலைப் பெட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். பெரியவர்களுக்கு அது பழங்கதை. எங்கள் வயதினர் பலர் அதைக் கண்ணாலும் கண்டதில்லை.

இன்று ஸ்டோரில் தேயிலையைப் பல மடிப்புக் காகிதச் சாக்கிலே அடைத்து அனுப்புகிறார்கள். 1980களுக்குப் பின்னரே இந்தச் சாக்குகள் படிப்படியாக வந்தன. அதற்கு முன்னே நூறு ஆண்டுக்கு மேலாகத் தேயிலை மரப்பெட்டியிலேதான் கடல் கடந்தது. ஆதியில் ஜப்பானிலிருந்து மோமி என்னும் ஒருவகை ஊசியிலை மரப் பலகைகள் வந்தன. பின்பு ஐரோப்பாவிலிருந்து ஒட்டுப்பலகை வந்தது. வடக்கே எஸ்தோனியா நாட்டின் தாலின் நகரிலே லூதர் என்பாரின் ஆலை பூர்ச்ச மரத்தை மெல்லிய ஏடாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே வைத்து ஒட்டிப் பலகையாக்கியது. அதை விற்பதற்கென்று இலண்டனிலே தொடங்கிய கம்பனிக்கு வெனெஸ்டா என்று பெயர். இரண்டாம் உலகப் போரின்போது கப்பல்கள் வராமற் போகவே, காலிக்கு அண்மையிலுள்ள கிந்தோட்டையிலே நமது நாட்டுக்கென ஓர் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை எழுந்தது.

அந்தத் தொழிலுக்கு மரம் எங்கிருந்து வந்தது? நம் அயலிலிருந்தேதான். ஹொர முதலிய பெருமரங்கள் நிற்கும் தென்மேற்கு மழைக்காடுகளே அதற்கு உணவு. கொஸ்கமவிலே பின்னர் அமைந்த ஒட்டுப்பலகை ஆலைக்காக 1972 முதல் 1977 வரை சிங்கராஜ வனத்திலே இயந்திரங்களைக் கொண்டு மரம் தறித்தார்கள். அந்த வனத்தின் ஒரு பகுதி நமது இரத்தினபுரி மாவட்டத்திலே இருக்கிறது. மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்ததனாலே தறிப்பது நின்றது. 1988 இல் அதே வனம் உலக மரபுரிமையாயிற்று. பலகையைக் கையிலே எடுக்கும்போது இதையும் நினைக்கவேண்டியிருக்கிறது. ஒரு பலகையை இரண்டாம் முறை பயன்படுத்தினால் ஒரு மரம் நிற்கிறது என்று கணக்குப் பார்ப்பதிலே எங்களுக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

நிற்க. தேயிலைப் பெட்டியின் அமைப்பைப் பாருங்கள். ஏறக்குறைய 19 அங்குலம் அகலம், 19 அங்குலம் ஆழம், 24 அங்குலம் உயரம். பலகையின் தடிப்பு அரை விரலும் இராது. அந்த மெல்லிய பலகை 100 றாத்தல் வரை தேயிலையைச் சுமந்து, ரயிலேறி, கப்பலேறி, இலண்டன் துறைமுகத்திலே இறங்கும். எப்படி? உள்மூலைகளிலே மரச் சட்டம், வெளி விளிம்புகளிலே தகரப் பட்டி, பட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே பலகையை நெருக்கிப் பிடித்துச் சிற்றாணி. வலிமை பலகையிலே இல்லை, விளிம்பிலே இருக்கிறது. உள்ளே ஈரம் புகாதிருக்க உலோகத் தாள். முற்காலத்தில் ஈயத்தாள், பிற்காலத்தில் அலுமினியத்தாள். வெளியே தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், இலக்கம், மொத்த நிறை, பெட்டியின் நிறை, தேயிலையின் நிறை எல்லாம் அச்சுத்தகட்டை வைத்துக் கருமையால் தீட்டியிருக்கும். நமது பகுதித் தேயிலையும் இறப்பரும் களனிவெளிச் சிறு ரயிலிலே சென்ற காலமும் ஒன்று இருந்தது. 1912 இல் இரத்தினபுரிக்கு வந்து, 1919 இல் ஓப்பநாயக்க வரை நீண்ட அந்தப் பாதை பெல்மதுளை வழியாகவே சென்றது. 1970களில் அவிசாவளைக்கு அப்பால் அதை மூடிவிட்டார்கள். சிறுவர்களுக்கு இங்கே ஒரு ரயில் நிலையம் இருந்தது என்றால் சிரிக்கிறார்கள்.

சென்ற பெட்டி திரும்பி வராது. போன இடங்களிலே அது என்ன ஆயிற்று என்று தேடிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. இங்கிலாந்திலே வீடு மாறுகிறவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை அதிலே கட்டினார்கள். 1950களில் காசில்லாத இளைஞர்கள் அதைக் கவிழ்த்து வைத்து, ஒரு தடியும் ஒரு கயிறும் பூட்டி, மீட்டும் வாத்தியமாக்கினார்கள். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பீட்டில்ஸ் குழுவுக்கு முன்னோடியான குவாரிமென் என்ற பையன்கள் குழுவிலும் தேயிலைப் பெட்டிதான் தாழ்ந்த சுருதி கொடுத்தது. தென்துருவப் பனிநிலத்துக்குச் சென்ற ஷாக்கிள்டனின் கூட்டத்தார் 1908 இல் தங்கள் குடிசையிலேயே ஒரு புத்தகம் அச்சிட்டார்கள். அட்டைக்கு வேறு வழியின்றி, உணவு வந்த வெனெஸ்டாப் பெட்டிகளின் பலகையையே அறுத்துக் கட்டினார்கள். சில பிரதிகளின் அட்டையிலே அடைத்து வந்த உணவின் பெயர் இன்னும் தெரிகிறதாம். அந்தப் புத்தகத்தை இன்று நூலகங்கள் பெரும்பொருளாகப் போற்றுகின்றன.

நமது லயங்களில் நடந்ததை யாரும் அப்படிப் போற்றவில்லை. பெட்டிகள் பலகைக் கட்டுகளாகத் தோட்டத்துக்கு வந்து ஸ்டோரிலே பூட்டப்படும். அவற்றில் உடைந்ததும் நெளிந்ததும் தோட்டத்திலேயே நின்றுவிடும். அவை காம்பராவுக்குள்ளே அரிசிப் பெட்டியாயின. இரண்டு குடும்பத்துக்கு நடுவே தடுப்பாயின. சாமி படம் வைக்கும் மாடமாயின, கோழிக் கூடாயின, பிள்ளை எழுதும் மேசையாயின. எங்கள் அறுவரில் ஒருவருடைய தாயார் ஆங்கில எழுத்தை முதன்முதலில் கண்டது அந்த மேசையின் மேற்பலகையிலே. பி, ஓ, பி என்ற மூன்று எழுத்தும் தலைகீழாக இருந்ததனால், பள்ளிக்கூடத்திலே நேராக எழுதியிருப்பதைக் கண்டு அது வேறு பாஷை என்று நினைத்தாராம்.

கடைசியாக அந்தப் பலகை பயணப் பெட்டியாகவும் ஆயிற்று. 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் செய்துகொண்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீந்த 1,50,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். மக்களைப் பங்கு போடும்போது பாதி என்னும் சொல் எவ்வளவு எளிதாக வருகிறது! பயணத் தேதி வந்தவர்கள் தலைமன்னாருக்கு ரயிலேறி, அங்கிருந்து கப்பலேறி இராமேஸ்வரத்திலே இறங்கினார்கள். ஊரிலே தகர டிரங்குப் பெட்டிக்கு வசதியில்லாதவர்கள் தேயிலைப் பெட்டிப் பலகையை இணைத்துப் பெட்டி செய்து, மேலே பேரும் போகும் ஊரும் எழுதிக்கொண்டு போனார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டோம். தேயிலை போன பெட்டியிலே தேயிலை வளர்த்தவர்களும் போனார்கள்.

இருந்தவர்களுக்கும் பெட்டி தேவைப்பட்டது. துணி வைப்பதற்கன்று, காகிதம் வைப்பதற்கு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த சட்டம், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது இந்நாட்டிலே வசித்ததைச் சான்றுடன் நிறுவினால் உரிமை தருவதாகச் சொன்னது. தோட்டத்துப் பதிவேடு, பிறப்புச் சான்று, பள்ளிக்கூடச் சான்று என்று கிடைத்ததையெல்லாம் நம் பாட்டன்மார் தேடி அலைந்தார்கள். 1988 இல் ஒரு சட்டம் வந்தது. 2003 இல் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிலையாக வாழ்ந்தவர்க்கும் அவர் வழியினர்க்கும் குடியுரிமை என்றது அது. ஐம்பத்தைந்து ஆண்டுச் சிக்கல் அவிழ்ந்தது. ஆனால் ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்க்கக் கேட்டது ஒரு காகிதத்தைத்தான்.

இன்றும் கேட்கிறார்கள். ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போனால், பிறப்புச் சான்றிலே முத்துலட்சுமி, அடையாள அட்டையிலே முத்துலெட்சுமி, தோட்டத்துக் கணக்கிலே முத்தாயி என்று மூன்று பெண்கள் நிற்கிறார்கள். மூவரும் ஒருத்தியே என்று காட்டப் பழைய காகிதம் வேண்டும். ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்று வந்தபின், அந்த உறுதியும் காக்கவேண்டிய புதிய காகிதமாயிற்று. காப்பது எங்கே? இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இம்மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் பட்ட பாட்டை நாம் அறிவோம். வெள்ளம் வராத ஆண்டிலே கறையான் வருகிறது.

கறையானைப் பற்றி நம் சமயத்தாருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தில்லைக் கோயிலின் ஓர் அறையிலே தேவார ஏடுகள் பூட்டிக் கிடந்ததும், மூவர் வந்தாலன்றித் திறவோம் என்றதனால் இராசராச சோழன் மூவர் திருவுருவங்களையே எழுந்தருளச் செய்து திறப்பித்ததும், நம்பியாண்டார் நம்பி பார்க்கையிலே ஏடுகளைப் புற்று மூடியிருந்ததும் திருமுறை கண்ட வரலாறாக நாம் கேட்டு வளர்ந்தவை. அரித்தது போக எஞ்சியதைத்தான் இன்று நாம் பாடுகிறோம். நாங்கள் மிஷன் பாடசாலையிலே படித்தவர்கள். அங்கே பேழை என்ற சொல் நோவாவின் கதையோடு எங்களுக்கு வந்தது. வெள்ளத்துக்குத் தப்பிய பேழை அது. இந்த ஊருக்கு இரண்டு கதையும் பொருந்தும். இங்கே வெள்ளமும் உண்டு, கறையானும் உண்டு.

ஆகவே சங்கத்துக்கு ஒரு பத்திரப் பெட்டி வேண்டும் என்று சென்ற பொதுக்கூட்டத்திலே கேட்டோம். கடையிலே இரும்பு அலுமாரி வாங்கலாமே என்றார்கள் சிலர். பணம் இல்லை என்பது ஒரு காரணம். இந்த ஈரத்திலே மலிவான இரும்பு மூன்று மழைக்காலத்துக்குள் துருப்பிடித்துக் காகிதத்திலும் கறை ஏற்றும் என்பது இன்னொன்று. மூன்றாவது காரணத்தையும் மறைக்காமல் சொல்கிறோம். எங்களுக்குச் செய்து பார்க்க ஆசையாக இருந்தது.

பாடசாலையிலே எங்களுக்கு மரவேலை ஒரு பாடம். மூலைமட்டம் பிடிக்கவும் சீவுளி தள்ளவும் தெரியும். ஆனால் அங்கே தந்ததெல்லாம் புதிய பலகை. பழைய பலகை வேறு சாதி. அதற்கு முன்வாழ்க்கை ஒன்று உண்டு, அதை அறியாமல் உளியை வைக்கக் கூடாது. இதைக் கற்பித்தவர் தோட்டத்திலே நாற்பது ஆண்டு தச்சு வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர். நாங்கள் அவரைத் தச்சுத் தாத்தா என்போம். பெயரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முதல் நாள் நாங்கள் ஆணிக்குறடோடு கதவின் மேலே ஏறியதைப் பார்த்துவிட்டு, "தம்பிகளா, ஆணிய இழுக்காதீங்க. பொறத்தால இருந்து தட்டி அனுப்புங்க. வந்த வழியாவே போவும்" என்றார். அப்படியே செய்தோம். பின்புறம் வளைந்து கிடக்கும் முனையை நிமிர்த்தி, சிறு சுத்தியலாலே தட்டினால் தலை மேலே எழும்பும். அதன்பின் ஒரு மரத்துண்டை அண்டையாக வைத்துக் குறடால் எடுத்தால் பலகையிலே வடு விழாது. நான்கு கதவிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட ஆணி எடுத்தோம். நேரானவற்றை ஒரு பாற்பேணியிலே போட்டு வைத்தோம்.

ஆணி எல்லாம் எடுத்துவிட்டோம் என்ற எண்ணத்தை நம்பக்கூடாது. ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலிலே கட்டிப் பலகை மேலே மெல்ல நடத்தினோம். மரத்துக்குள்ளே முறிந்து கிடந்த ஆணிகளை அது காட்டிக்கொடுத்தது. ஒரு துண்டு ஆணி போதும், சீவுளியின் அலகைப் பல்லாக்கிவிடும். அடுத்து விரல் மொழியால் பலகை நெடுகத் தட்டிப் பார்த்தோம். கணீர் என்றால் நல்லது. பொத்தென்றால் உள்ளே உளுப்பு. நிலத்தைத் தொட்டிருந்த கீழ்முனைகள் எல்லாம் பொத்தென்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சாண் வெட்டி எறிந்தோம். எறியும்போது வருத்தமாக இருந்தது. வெட்டாமல் விட்டிருந்தால் கறையானுக்கு நாமே தாம்பூலம் வைத்து அழைத்ததாகியிருக்கும்.

வண்ணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய கதவுகளின் பூச்சிலே ஈயம் கலந்திருக்கலாம். மண்கடதாசி போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் மூக்கிலே போகும், குழந்தைகளின் கையிலே படும். நாங்கள் ஈரத்துணியால் நனைத்து, சுரண்டுதகட்டால் வெளியிலே வைத்துச் சுரண்டி, விழுந்ததைப் பழைய பத்திரிகையிலே சேர்த்துக் கட்டி அகற்றினோம். அந்தப் பலகையை அடுப்பில் வைப்பதும் ஆகாது. தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளுக்கும் இதே விதி.

பூச்சு போனதும் பலா தன் மஞ்சள் நிறத்தைக் காட்டியது. அதைச் சீவியபோது எழுந்த மணத்தை எழுத்திலே கொண்டுவர எங்களால் இயலாது. கதவுப் பலகை ஒவ்வொன்றும் ஆறு அங்குல அகலம். ஓரம் சீவியபின் ஐந்தே முக்கால் நின்றது. மூன்றைச் சேர்த்தால் பதினேழேகால் அங்குலம். அதுவே பெட்டியின் உயரமாயிற்று. நீளம் மூன்று அடி. அளவைத் தாளிலே தீர்மானித்துவிட்டுப் பலகை தேடியிருந்தால் இது நடந்திராது. பழைய மரத்திலே வேலை செய்கிறவன் மரம் சொல்கிற அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூலைகளை ஆணியாலே அடித்திருக்கலாம். தாத்தா இசையவில்லை. புறாவின் வால் போல விரியும் பற்களை வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோத்தோம். ஒரு மூலைக்கு ஒரு நாள் சென்றது. முதல் மூலையிலே தாள் நுழையும் இடைவெளி இருக்கிறது. அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம். அடிப்பலகையை ஒட்டவும் இல்லை, ஆணி அடிக்கவும் இல்லை. நாற்புறமும் காடி வெட்டி அதற்குள்ளே விட்டிருக்கிறோம். மரம் எத்தனை பழையதானாலும் மழைக்காலத்திலே குறுக்கே பருக்கும், வெயிலிலே சுருங்கும். இடம் கொடுத்தால் அசையும், கட்டிப்போட்டால் வெடிக்கும். மூடியையும் அவ்வாறே சட்டத்துக்குள் பலகையாகச் செய்தோம். பிணைச்சலும் திருகாணியும் பித்தளை. நான்கு கால்கள், மூன்று அங்குல உயரம். ஒவ்வொரு காலின் கீழும் ஒரு தகரக் கிண்ணம், அதிலே சிறிது கழிவெண்ணெய். நம் வீடுகளிலே சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்கிற பழைய உபாயம்தான். வெளியே வார்னிஷ் பூசினோம். உள்ளே ஒன்றும் பூசவில்லை.

வேலை இவ்வளவில் முடிந்தது என்று நாங்கள் நினைத்த நாளிலே, பார்க்க வந்த பாட்டி ஒருவர் பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பற்றித் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. "இது யாரு தூக்குறது?" என்று கேட்டார். இருவர் தூக்கலாம் பாட்டி என்றோம். "அன்னிக்கு ரெண்டு பேரு இருந்தா நான் ஏன் வுட்டுட்டு ஓடுறேன்? ஒரு கையில புள்ள, ஒரு கையில புள்ள. பெட்டிய எந்தக் கையில தூக்குவேன்?" என்றார்.

அன்றைக்கு என்றால் எந்த ஆண்டு என்று நாங்கள் கேட்கவில்லை. சபரகமுவைத் தோட்டங்களிலே 1977, 1981, 1983 என்று கேட்க மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. தேயிலைச் செடிக்குள்ளே இரவெல்லாம் கிடந்துவிட்டுக் காலையிலே வந்து பார்த்தபோது லயத்தோடு பெட்டியும் சாம்பலாகக் கிடந்ததை அந்தப் பாட்டி சொன்னார். அதன் பின்னே வவுனியாவுக்குப் போன குடும்பங்கள் பல. போன இடத்திலே நீ யார் என்று கேட்டார்கள். சொல்ல வாய் இருந்தது, காட்டக் காகிதம் இல்லை. அந்த நாள்களிலே அயலிலிருந்த சிங்களக் குடும்பங்கள் சில தங்கள் வீட்டிலே நம்மவரை ஒளித்துக் காத்ததையும் அதே பாட்டிதான் சொன்னார். அதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

அன்று மாலை எங்களுக்குள்ளே வாதம் நடந்தது. பெட்டியைச் சிறிதாக்கி மீண்டும் செய்வதா, இனி அப்படி ஒரு நாள் வராது என்று விட்டுவிடுவதா? வராது என்று சொல்ல எங்களில் எவருக்கும் உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. கலவரம் வராவிட்டாலும் மண்சரிவு வரும். 2014 அக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையிலே லயங்கள் மண்ணுக்குள் போனது காலை வேளையிலே, நிமிடக் கணக்கிலே. அதனாலேதான் உள்பெட்டி பிறந்தது.

பதினைந்து அங்குல நீளம், பதினொன்று அகலம், ஆறு உயரம். இரண்டு தேயிலைப் பெட்டிகளிலே கறையான் தொடாத இரண்டு பக்கப் பலகைகள் தேறின. வேண்டியதெல்லாம் அவற்றிலே கிடைத்தது. அதைச் செய்த முறையும் தேயிலைப் பெட்டியின் முறையே. உள்ளே மூலைச் சட்டம், வெளியே அதே பழைய தகரப் பட்டி. பாற்பேணியிலே சேர்த்த ஆணிகள் இதற்குப் பெரியவை, ஆதலின் சிற்றாணி மட்டும் கடையிலே வாங்கினோம். பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினோம். கைப்பிடியைக் கழற்றிவிடச் சொன்னார். அதற்குப் பதிலாகப் பெட்டியின் இரு பக்கமும் வளையம் வைத்து, கொழுந்துக் கூடைக்குப் போடுகிற மாதிரிக் கயிறு பூட்டச் சொன்னார். கயிற்றைத் தலையிலே மாட்டிப் பெட்டியை முதுகிலே தொங்கவிட்டால் இரண்டு கையும் பிள்ளைகளுக்கு. பல்கலைக்கழகத்திலே படிக்கும் எங்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பாட்டி அதை மாட்டிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி நடந்து காட்டினார். நாங்கள் ஒருவர்பின் ஒருவராக மாட்டிப் பார்த்தோம், எங்களுக்குக் கழுத்து வலித்தது.

இப்பொழுது சில ஒழுங்குகளைச் சொல்லவேண்டும். மூலப் பத்திரங்களைச் சங்கத்துக்குத் தரவேண்டாம். அவை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். நாங்கள் பிரதி எடுத்து, குடும்பத்துக்கு ஓர் உறையாகப் பெரிய பெட்டியிலே வைப்போம். வீட்டிலே வைக்க இடமில்லை, கூரை ஒழுகுகிறது என்பவர்களின் மூலப் பத்திரம் மட்டும் உள்பெட்டிக்குப் போகும். அதற்குப் பற்றுச்சீட்டு உண்டு, திரும்பக் கேட்ட நாளிலே கொடுப்போம். பத்திரத்துக்கு லாமினேஷன் செய்யாதீர்கள். சூடு பட்டு ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பின்னர் காகிதம் கிழியாமல் பிரிக்க முடியாது, உள்ளே சிக்கிய ஈரமும் வெளியேறாது. கஞ்சி போடாத, துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி போதும். மரமும் சிறிது அமில ஆவி விடுமாதலால் காகிதம் நேரே பலகையிலே படாதிருக்கத் துணி அவசியம். ஆண்டுக்கு இருமுறை, மாசியிலும் ஆவணியிலும், நல்ல வெயில் நாளிலே திறந்து நிழற்காற்றிலே உலர்த்துவோம். வெயிலிலே நேரே போட்டால் மை மங்கும்.

திறப்பு யாரிடம் என்று தலைவர் அவர்கள் நேற்றே கேட்டார்கள். தில்லையிலே மூவர் வரவேண்டும் என்றார்கள். எங்கள் பூட்டுக்கு மூன்று திறப்பு செய்ய வசதியில்லை, இரண்டுதான். ஒன்று செயலாளரிடம். மற்றொன்றைப் பாட்டியிடம் கொடுப்பதென்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. பாட்டி முதலிலே மறுத்து, பிறகு முந்தானையிலே முடிந்துகொண்டார்.

எஞ்சிய பலா இன்னும் இரண்டு பெட்டிக்குப் போதும். தச்சுத் தாத்தாவுக்குக் கண்பார்வை குறைந்து வருகிறது. புறாவால் மூட்டை அவர் இப்பொழுது விரலாலேயே பார்க்கிறார். வேலை கற்க விரும்பும் தம்பி தங்கைகள் தாமதிக்காமல் வரவேண்டும். வீட்டிலே கோழிக்கூடாகவோ தடுப்பாகவோ தேயிலைப் பெட்டிப் பலகை கிடந்தால், அடுப்பில் வைக்குமுன் எங்களுக்கு ஒரு சொல் அனுப்புங்கள். எழுத்துத் தெரிகிற பலகையானால் அறுக்கமாட்டோம், அப்படியே வைப்போம்.

வருகிற சனிக்கிழமை மாலை நான்கு மணி முதல் மண்டபத்திலே இருப்போம். பத்திரங்களைக் கொண்டுவரும்போது மடித்த மடிப்பை நீங்களே நிமிர்த்த வேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள். மூன்று பெயரிலே இருக்கும் முத்துலட்சுமிகள் முதலில் வரலாம்.